அரைச் சரம்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது தங்கச்சி. எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்றே பிடிபடவில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது மனசுக்குள் ஒழுங்காகத்தான் சொல்லிப் பார்க்கிறேன். வாயைத் திறந்தால் முன்பின்னாகிவிடுகிறது. நீங்களாகத்தான் கேட்டீர்கள், "நீங்க டீச்சரா அக்கா" என்று. இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் டீச்சர் இல்லை.

உங்கள் பாப்பா மடியில் புத்தகத்தை விரித்துவைத்து மாம்பழத்தை எண்ணினாள். படத்தில் நாலு மாம்பழம். விடையும் நாலு என்று எழுதப் போனாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நாலு இல்ல கண்ணு, முதல்ல மூலையைப் பாரு" என்று சொல்லிவிட்டேன். மூலையில் சின்னதாகப் பெட்டி கட்டி, ஒரு படம் என்றால் ஐந்து பழம் என்று போட்டிருக்கிறார்கள் பாருங்கள். படக்கணக்கில் எல்லாப் பிள்ளைகளும் வழுக்குகிற இடம் அதுதான். கண்ணில் படுகிற படத்தை எண்ணிவிடும். ஒரு படத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்காது.

பஸ் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கட்டுமா? பாப்பாவுக்குக் காற்று அடிக்கிறது. வேண்டாமா? சரி. என் பை உங்கள் காலில் இடிக்கிறதா?

நான் சமுதாயக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். பேர் சண்முகத்தாய். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊர் சாத்தூரைத் தாண்டி உள்ளே. மழை கிடையாது, வெள்ளாமை கிடையாது, பட்டாசு உண்டு. சாயங்காலம் சமுதாயக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். சுபத்ரா என்று ஒரு பெண், காலேஜ் முடித்தவள், அவள்தான் நடத்தினாள். கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். வேறு ஆள் போடுகிறோம் என்றார்கள். போடவில்லை. பதிவேட்டில் இன்றைக்கும் அவள் பேர்தான்.

ஆனால் பிள்ளைகள் வந்துவிடுகிறார்களே. கூடத்தைத் திறந்து கூட்டிக்கொண்டிருப்பேன், பையைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிடும். டீச்சர் வரமாட்டார் என்று சொன்னாலும் போகாது. எத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருப்பது? விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். சுபத்ரா விட்டுப்போன புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு முன்னால் வைத்துப் படிப்பேன். எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். "என்ன, கலெக்டர் பரிட்சைக்கா?" என்பார். சிரிக்கட்டும். ஒரு வாரத்தில் பிள்ளைகள் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டன. கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

வாக்கியக் கணக்கு இருக்கிறதே, அதில்தான் பிள்ளைகள் அழும். வாசிக்கவே வாசிக்காது. நம்பரைப் பார்த்ததும், "கூட்டணுமா டீச்சர், கழிக்கணுமா?" இதுதான் கேள்வி. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நம்பர் மேலே விரலை வைத்து மூடு என்பேன். இப்போது கதையைச் சொல்லு. யார் வந்தார்கள், யார் கொடுத்தார்கள், கடைசியில் யார் கையில் இருக்கிறது. கதை தெரிந்தபிறகு விரலை எடு. நன்றாக வந்தது தங்கச்சி. பெருமைக்குச் சொல்லவில்லை, நன்றாகவே வந்தது.

முத்தரசி மட்டும்தான் மடக்குவாள். மூன்றாவது படிக்கிறாள். படித்தாள். குருவம்மா மகள். குருவம்மா எனக்கு அடுத்த வீடு, என்னை மதினி என்று கூப்பிடுவாள். அந்தப் பிள்ளை கணக்கை வாசித்துவிட்டு என்னையே கேட்கும்.

"பாபு கிட்ட முப்பது மாம்பழம் இருக்கு. அதுல பன்னிரண்டைக் கோபிக்குக் குடுத்துட்டான். ஏன் டீச்சர் குடுத்தான்?"

"நட்புக்குக் குடுத்தான். மீதி எவ்வளவு?"

"கோபி கேட்டானா, இவனாக் குடுத்தானா?"

"அது கணக்குல இல்லடி."

"கதையைச் சொல்லுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஒருநாள், உங்கள் கணக்கை நீங்களே உண்டாக்குங்கள் என்று சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, சொந்த வாழ்க்கையிலிருந்து கணக்கு உண்டாக்கச் சொல். ஒருத்தன் ஆடு என்றான், ஒருத்தி இட்லி என்றாள். முத்தரசி எழுந்து, "எங்கம்மா ஒரு நாளைக்கு இருபது சரம் பின்னும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆறு சரம் பின்னுவேன். ரெண்டு பேரும் சேர்ந்து எத்தனை சரம்?" என்றாள்.

உங்களுக்கு இது தெரியாதில்லையா? திரி வைத்த வெடியைச் சாக்கில் கட்டி வீட்டுக்கு வீடு இறக்குவார்கள். உட்கார்ந்து சரமாகப் பின்னிக் கொடுக்க வேண்டும், தீபாவளிக்குக் கொளுத்துகிறோமே அந்தச் சரவெடி. வீட்டில் வைத்துச் செய்யக்கூடாது, சட்டம் இருக்கிறது. சட்டம் எங்களுக்கும் தெரியும். ராஜாமணி அண்ணாச்சி என்று ஏஜெண்டு, அவர்தான் எங்கள் தெருவுக்கு இறக்குவார். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டுகிற லோடு வேன் அவருடையதுதான். அதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் கெட்டவர் இல்லை. கல்யாணம், காது குத்து எதுவானாலும் முதலில் வந்து நிற்பார்.

"வெடிச் சரம்னு சொல்ல வேண்டாம் முத்தரசி, பூச்சரம்னு மாத்திச் சொல்லு" என்றேன். வெளியிலிருந்து யாராவது வந்து போகிற இடம் அது. பிள்ளை சொல்லக்கூடாததைச் சொல்லிவைத்தால் யாருக்கு வம்பு?

"பூ கட்டினா கை இப்படி ஆகாதே டீச்சர்" என்று கையை விரித்துக் காட்டினாள். விரலெல்லாம் வெள்ளி பூசினாற்போல வெடிமருந்து அப்பியிருந்தது.

"கணக்குக்கு எதுவா இருந்தா என்ன? விடை ஒண்ணுதான?" என்றேன்.

விடை ஒன்றுதான். அதில் நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே.

அதற்குப் பிறகுதான் படக்கணக்கு வந்தது. அந்தப் பாடம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிற பிள்ளைகூடப் படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரும். முதலில் தலைப்பை வாசி, எதைப்பற்றிய படம் என்று தெரிந்துகொள். அப்புறம் மூலையைப் பார், ஒரு படத்துக்கு எத்தனை என்று பார். அதற்குப்பிறகு எண்ணு. தலைப்பு, மூலை, எண்ணிக்கை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் எங்கள் பிள்ளைகள்.

அந்தச் சமயத்தில் ஆபீசரம்மா ஒருவர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகள் தாங்களே விசாரித்து ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். என்ன தலைப்பு வைக்கலாம் என்று கேட்டேன். பிடித்த பழம் என்றான் ஒருவன். முத்தரசி, "பள்ளிக்கூடம் விட்டா என்ன செய்வோம், அதை வைப்போம் டீச்சர்" என்றாள். நல்ல தலைப்புதானே என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தலைவலி வேறு. எங்கள் வீட்டில் மாவு அரைக்க வேண்டியிருந்தது. அவளே ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்க் கேட்டு, அவளே சார்ட்டில் வரைந்தாள்.

மறுநாள் விரித்துக் காட்டினாள். சுபத்ராகூட அவ்வளவு சுத்தமாகப் போட்டதில்லை. மேலே தலைப்பு. இடப்பக்கம் பந்து, டிவி, குடம், புத்தகம், கடைசியாகச் சரவெடி. மூலையில் பெட்டி கட்டி, ஒரு படம் என்றால் இரண்டு பேர். கோடு வளையவில்லை, படம் ஒன்றுபோல ஒன்று. பந்துக்குக் கொஞ்சம், டிவிக்குக் கொஞ்சம். சரத்துக்கு மட்டும் தாள் பற்றாமல் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டி நீட்டியிருந்தாள். கடைசியில் பாதிச் சரம் ஒன்று தனியாகத் தொங்கியது.

"இது என்ன பாதியில நிக்குது?" என்றேன்.

"ஒரு படத்துக்கு ரெண்டு பேரு. கடைசியா ஒரு ஆளு மிஞ்சுச்சு. அதான் அரைச் சரம். அது நான் டீச்சர்" என்றாள்.

எவ்வளவு சரியாகச் செய்திருக்கிறாள் பாருங்கள். பாதிப் படம் போடுவது நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சுவரில் ஒட்டினால் தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஆபீசரம்மாவுக்கும் தெரியுமே. ஒட்டவில்லை. சுருட்டி வைத்தேன். யார் போய்ச் சொன்னார்களோ, சாயங்காலம் ராஜாமணி அண்ணாச்சி பைக்கை நிறுத்திவிட்டுக் கூடத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"என்ன சண்முகத்தாயி, பெரிய டீச்சராயிட்டியாமே?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி."

"படமெல்லாம் போடுதாம் பிள்ளைங்க. எங்க, நாங்க பாக்கக்கூடாதா?"

"சும்மா விளையாட்டுக்குப் போட்டது அண்ணாச்சி."

"விளையாட்டுதான். தெருவுல அடுப்பெரியுறதை வச்சு விளையாடாதீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிளம்பும்போது திரும்பி, "ஒன் வீட்டுக்காரன் நல்லா ஓட்டுறான், அடுத்த வருசம் பெரிய வண்டியைக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

அவர் மிரட்டினார் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முத்தரசியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "கண்ணு, இந்தச் சரத்துக்கெல்லாம் வெள்ளைக் கலர் அடிச்சு, நடுவுல பச்சையா இலை வச்சிரு. பூச்சரமாயிரும்" என்றேன்.

"அப்ப இடது பக்கம் என்ன எழுத?"

"பூ கட்டுதல்னு எழுது."

பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "பாக்குறவங்க தப்பாப் படிச்சிருவாங்களே டீச்சர்."

"எண்ணிக்கை சரியாத்தான இருக்கு?"

"எண்ணிக்கை சரி. ஆனா தலைப்பையும் பக்கத்துல எழுதினதையும் பாத்துத்தான் படிக்கணும்னு நீங்க சொன்னீங்க."

"ஒங்கம்மாவுக்கு வேலை இல்லாமப் போனா ஒனக்குச் சரியா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டிருப்பேன். வெள்ளைக் கலரை எடுத்து ஒவ்வொரு வெடியாக மொட்டு ஆக்கினாள். வெளியே பிசிறாமல் நிதானமாக அடித்தாள். எந்த வேலை கொடுத்தாலும் அவளுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

அப்புறம்தான் படத்தைச் சுவரில் ஒட்டினேன். ஆபீசரம்மா வந்தார். பள்ளிக்கூடத்து சார் கூட வந்து, டீச்சர் லீவு என்று சொல்லிச் சமாளித்தார். நான் டீயைக் கொடுத்துவிட்டு வாசல்படியில் ஒதுங்கி நின்றேன். என் வேலை அதுதானே. முத்தரசி முன்னால் நின்று படத்தை விளக்கினாள். தலைப்பு, மூலை, எண்ணிக்கை. பந்து விளையாடுகிறவர்களைவிடப் பூ கட்டுகிறவர்கள் எத்தனை பேர் கூட என்று ஆபீசரம்மா கேட்டார். யோசிக்காமல் பதில் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது தங்கச்சி. என் பிள்ளை மாதிரி இருந்தது.

"அடேயப்பா, இத்தனை பேர் பூக் கட்டுறீங்களா! இங்க பூ மார்க்கெட் இருக்கா?" என்று ஆபீசரம்மா சிரித்தார். "நீயும் கட்டுவியா?" என்று அவளைக் கேட்டார்.

முத்தரசி வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். லேசாகத்தான்.

"கட்டுவேன் மேடம்" என்றாள்.

கை தட்டினார்கள். படத்துக்கு முன்னால் அவளை நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், விரல் தெரியாமல். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே கட்டிக்கொண்டாள். அன்றைக்கு முழுக்கத் தெருவில் இதே பேச்சுதான். "என்ன மதினி, ஒரு முழம் பூக் குடுங்க" என்று குருவம்மாகூடக் கேலி செய்தாள். மகள் பதில் சொன்னதில் அவளுக்கு அத்தனை பெருமை. ஒருவருக்கும் ஒரு கெடுதல் இல்லாமல் முடித்துவிட்டோம் என்று அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பாப்பா தூங்கிவிட்டாளா? தலையை இப்படி என் பக்கம் சாய்த்து வையுங்கள், பரவாயில்லை.

தீபாவளி நெருங்க நெருங்கச் சாக்கு அதிகமாக வரும். பிள்ளைகள் வகுப்புக்கு வருவது குறையும். முத்தரசியும் வரவில்லை. குருவம்மாவைக் கேட்டேன், "முடியட்டும் மதினி, முடிஞ்சதும் அனுப்புறேன்" என்றாள். நான் அந்தப் பிள்ளையிடம் எச்சரிக்கை சொல்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாசல் பக்கமா உட்காரு கண்ணு, ஏதாவதுன்னா ஓடி வந்திரலாம் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். கேட்கிற பிள்ளை. வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாளாம்.

சாக்கையும் அங்கேதான் வைத்திருந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை, மத்தியானம். நான் குழாயடியில் நின்றேன். சத்தம் காதில் விழுந்ததைவிட முதலில் மண் அதிர்ந்ததுதான் தெரிந்தது. குருவம்மா வீட்டுக் கூரைத் தகடு எங்கள் வீட்டு முருங்கையில் வந்து தொங்கியது. அதற்கு மேல் நான் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

சாக்கைத் தரையில் இழுத்தார்கள், உரசிவிட்டது என்கிறார்கள். வெயில் என்கிறார்கள். மருந்து சரியில்லை என்றும் சொல்கிறார்கள். ஆயிரம் காரணம் இருக்கிறது. ஒரு தாளில் வெள்ளைக் கலர் அடித்ததால் ஒரு வீடு வெடிக்குமா? நீங்கள் படித்தவர்கள் மாதிரி இருக்கிறீர்கள், சொல்லுங்கள். அந்த ஆபீசரம்மா அன்றைக்கு நிஜப் படத்தையே பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? எழுதிக்கொண்டு போயிருப்பார். போலீஸ் வந்திருக்கும். சாக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருக்கும். தெருவே என்னைத் தூற்றியிருக்கும். குருவம்மா என்னோடு பேசியிருக்க மாட்டாள்.

பேசியிருக்க மாட்டாள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குருவம்மாவைக் கட்டுப்போட்டு கொசுவலைக்குள் படுக்கவைத்திருந்தார்கள். முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான் அவளுடையது. பிள்ளை விஷயத்தை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"மதினி, முத்தரசி ஒங்க கூடத்தான இருக்கு?"

"ஆமா" என்றேன்.

"நான் வர்ற வரைக்கும் கூடத்துலயே உக்கார வச்சுக்கோங்க. வீட்டுக்கு அனுப்பாதீங்க. ஏதாவது கணக்குக் குடுங்க, அது பாட்டுக்குப் போட்டுக்கிட்டிருக்கும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரும் தாசில்தாரும் வந்தார்கள். ராஜாமணி அண்ணாச்சி ஊரில் இல்லை. அவர் சம்சாரம் மட்டும் எங்கள் எல்லாரோடும் நின்றாள். விசாரிக்க இடம் வேண்டுமென்று சமுதாயக்கூடத்தைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். சுவரில் அந்தப் படம் அப்படியே இருந்தது. நான் எடுக்க மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எடுக்கக் கை வரவில்லை.

தாசில்தார் அதன் முன்னால் போய் நின்றார். தலைப்பை வாசித்தார், மூலையைப் பார்த்தார், ஒவ்வொரு வரிசையாக விரலை வைத்து எண்ணினார். பாதிச் சரத்தில் வந்து விரல் நின்றது. திறந்திருந்த கதவு வழியாகத் தெருவைப் பார்த்தார். பூச்செடி எங்கே இருக்கிறது எங்கள் தெருவில்? வேலிக்கருவைதான் நிற்கிறது.

"இத்தனை பிள்ளைங்க பூக் கட்டுறாங்களா? பூ எங்கம்மா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"யார் இங்க வகுப்பு எடுக்கிறது? இதை யார் வரையச் சொன்னது?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

தெருவே என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதும் தெரியுமே. எனக்கு எங்கள் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. சாக்கை வேனில் ஏற்றி இறக்கியது அவர்தானே. எனக்குத் தெரிந்திருந்தது என்றால் அவருக்கும் தெரிந்திருந்தது என்று ஆகிவிடும்.

"சுபத்ரா டீச்சர் சார். கல்யாணமாகிப் போயிட்டாங்க" என்றேன்.

"நீங்க யாரு?"

"நான் கூட்டிப் பெருக்குறவ சார்."

கூட்டத்திலிருந்து, "டீச்சர்..." என்று ஒரு குரல் ஆரம்பித்தது. ஹரிணி. இரண்டாவது படிக்கிற பிள்ளை, எப்போதும் முத்தரசி பக்கத்தில்தான் உட்காரும். அவள் அம்மா சட்டென்று பிள்ளையின் வாயைப் பொத்தி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இந்தப் படத்துல என்ன போட்டிருக்குன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது சார். பூன்னு நினைச்சேன்."

"படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

நான் சொன்னதையெல்லாம் எழுதி, பெண் போலீஸ் ஒருத்தி மெதுவாக வாசித்துக் காட்டினாள். எனக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி வாசித்தாள். அவள் கையில் தாள் என் பக்கமாகத்தான் இருந்தது. அவள் ஒரு வரி வாசித்து முடிப்பதற்குள் நான் அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். கண்ணைத் தூக்கி எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அங்கேயும் அந்தப் படம். தரையைப் பார்த்துக்கொண்டேன்.

வாசித்து முடித்துப் பேனாவை நீட்டினாள். கை பேனாவுக்குப் போய்விட்டது தங்கச்சி. பாதியில் இழுத்துக்கொண்டு பெருவிரலை நீட்டினேன். விரலைப் பிடித்து மையில் உருட்டித் தாளில் வைத்தாள்.

"அழுத்திப் பிடிங்கம்மா, ஆடாதீங்க" என்றாள்.

ஆடாமல் பிடித்தேன்.